சீட்டில் வந்த பணி

பள்ளிப் படிப்பின் மேல்வகுப்புகளை எட்டிய மாணவர்க்குப் பாடநூலும் தேர்வும் போக மற்றொரு பணியும் வந்து சேர்கிறது. அதற்குச் செயல்திட்டம் என்று பெயர். ஏதேனும் ஒரு பொருளைத் தாமே ஆராய்ந்து, செய்தி திரட்டி, எழுதி, ஆசிரியரிடம் ஒப்படைத்தல் வேண்டும். சில பள்ளிகளில் வகுப்பின்முன் நின்று அதனை விளக்குதலும் வேண்டும். இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் அன்று. அமெரிக்க நாட்டின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இறுதியாண்டு மாணவர் இத்தகைய பெரும்பணி ஒன்றை முடித்து, ஒரு குழுவினர்முன் விளக்கிய பின்னரே படிப்பு நிறைவுற்றதாகக் கொள்வர். நாடு வேறாகலாம், மொழி வேறாகலாம். அப்பணி கைக்கு வந்து சேரும் நாளில் மாணவர் உள்ளத்தில் எழும் உணர்ச்சி மட்டும் பெரும்பாலும் எங்கும் ஒன்றே. அது மகிழ்ச்சி அன்று.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்து 2018இல் ஓய்வு பெற்றவன் நான். அந்த நாளில் மாணவர் முகம் எவ்வாறு மாறும் என்பதை நன்கு அறிவேன். சிலர் முகத்தில் சலிப்புத் தோன்றும். 'தேர்வுக்குப் படிக்கவே நேரம் இல்லை, இது வேறா?' என்று அவர்தம் கண்கள் கேட்கும். சிலர்க்கு அச்சம், எங்கே தொடங்குவது, எதை எழுதுவது என்று அறியாத அச்சம். சிலர்க்கு நாணம், அயலாரிடம் சென்று ஒன்றைக் கேட்க வேண்டுமே என்ற நாணம். எல்லார்க்கும் பொதுவாக ஓர் ஐயம் உண்டு. 'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்பதே அது. இவ்வுணர்ச்சிகளைக் குற்றம் என்று கடிந்துரைக்க நான் விரும்பவில்லை. தாமாக விரும்பித் தேடாத சுமை தோளில் ஏறும்போது தோள் சுருங்குதல் இயல்பே. ஆயினும், சுருங்கிய தோள் பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் கல்வி இருக்கிறது.

இவ்வகைப் பணி மேலை நாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலைப் பயின்றவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். மாணாக்கன் எவ்வாறு கற்க வேண்டும் என்பதை அந்நூலின் பொதுப்பாயிரம் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் கல்வியில் காற்பங்குதான் கைவரும். உடன்பயில்வாரோடு பழகிப் பயின்றால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அதன் கருத்து. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் கணக்கிட்டு வைத்த கணக்கு இது. நான் புலவர் வகுப்பில் பயின்ற நாளில் எங்கள் ஆசிரியர் திங்களுக்கு ஒருமுறை எங்களை அவை நடுவே நிறுத்தி, ஒரு நூற்பாவை விளக்கச் செய்வார். முழங்கால் நடுங்க நின்று விளக்கிய நூற்பாக்கள் இன்றும் என் நாவில் நிற்கின்றன.

மாணாக்கர் மட்டுமோ? பெரும்புலவரும் தம் நூலை அவையின்முன் வைத்து ஒப்புதல் பெற்றனர். அதனை அரங்கேற்றம் என்பர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்று பனம்பாரனார் பாடிய சிறப்புப்பாயிரம் கூறுகிறது. தொல்காப்பியரும் ஒருவர்முன் நின்று விடை கூற வேண்டியிருந்தது என்றால், நாம் நிற்பதில் நாணம் எதற்கு?

இவையெல்லாம் நூலால் அறிந்த செய்திகள். கண்ணால் கண்ட ஒன்றை இனிக் கூறுகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் எங்களோடு இருந்து, பதினோராம் வகுப்பில் பயின்று வந்தாள். கல்வியாண்டின் தொடக்கத்தில் வகுப்பாசிரியை ஊரைப் பற்றிய பல தலைப்புகளைத் துண்டுத் தாள்களில் எழுதி, ஒரு சம்படத்தில் இட்டுக் குலுக்கி, ஒவ்வொருவரையும் ஒரு சீட்டு எடுக்கச் செய்தாராம். ஒருத்திக்குத் திருவிழா வந்தது. ஒருவனுக்கு நாட்டுப்புற விளையாட்டு வந்தது. என் பேத்திக்கு வந்த சீட்டில் 'நம் ஊர்க் கண்மாய்' என்று எழுதியிருந்தது.

அன்று மாலை அவள் புத்தகப் பையைத் திண்ணையில் வைத்த ஓசையிலேயே அவள் மனநிலை எனக்கு விளங்கிவிட்டது. "தாத்தா, கண்மாயில் எழுத என்ன இருக்கிறது? மழை பெய்தால் தண்ணீர் இருக்கும்; பெய்யாவிட்டால் இருக்காது. இதை இருபது பக்கம் எழுத வேண்டுமாம்" என்றாள். சிறிது நேரம் கழித்து, "மதிப்பெண்ணோ மிகக் குறைவு. அந்த நேரத்தில் நான் உயிரியல் படிக்கலாம்" என்று தானே கூறிக்கொண்டாள்.

அவளைத் தேற்ற எண்ணி, உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டினேன். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்த செய்தியை அவை கூறுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்வர். ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் இருந்தது. ஓலையில் பெயர் வந்தவர் முந்நூற்றறுபது நாள் அப்பணியை ஆற்ற வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்க்கு நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பணிக்கு உரியர் ஆகார்.

"உனக்கும் சீட்டில்தான் வந்தது, உன் பங்குக்கும் ஏரிதான் வந்தது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அவர்களுக்கு முந்நூற்றறுபது நாள் கொடுத்தார்கள், தாத்தா. எனக்குப் புரட்டாசி வரைக்குந்தான்" என்றாள்.

நான்கு நாள் சென்றன. நகலகம் ஒன்றில் எழுதி முடித்த செயல்திட்டங்களையே வண்ண அட்டை இட்டு விற்பதாகத் தோழி ஒருத்தி கூறினாளாம். அது வேண்டாம் என்று அவள் விலக்கினாள். ஆனால் கைப்பேசியை எடுத்தாள். கேட்டவற்றுக்கெல்லாம் நொடியில் கட்டுரை எழுதித் தரும் செயலிகள் இக்காலத்தில் வந்துள்ளன அல்லவா? அவற்றுள் ஒன்று அவளுக்கு ஏழு பக்கம் எழுதித் தந்தது. அதனை என்னிடம் படித்துக் காட்டினாள். நீரின் இன்றியமையாமை, முன்னோர் அறிவு, சுற்றுச்சூழல் காத்தல் என எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பிழை என்று சுட்ட ஒன்றும் இல்லை.

"நம் கண்மாய்க்கு எத்தனை மடை?" என்று கேட்டேன்.

தாளைப் புரட்டிப் பார்த்தாள். அதில் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, தாத்தா" என்றாள்.

வேறொன்றும் நான் கூறவில்லை. அறியாமை நாணத்தக்கது அன்று. ஆனால் நாள்தோறும் அக்கண்மாய்க் கரைமீது மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்று வருபவள் அவள். விடை தெரியாத அச்சிறு வினா அவளை உறுத்தியது. மறுநாள் சனிக்கிழமை. கேட்காமலே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் புறப்பட்டாள். துணைக்கு நானும் சென்றேன்.

கண்மாய் என்று எழுதுகிறோம். பேச்சில் கம்மாய் என்கிறோம். வடபகுதியில் ஏரி என்று வழங்குவதே பாண்டி நாட்டில் கண்மாய் எனப்படும். தமிழகத்தில் இத்தகைய நீர்நிலைகள் சுமார் 39,000 உள்ளன. பெரிய ஆறுகள் குறைந்த வறண்ட நிலத்தில், ஆண்டில் சில வாரமே பெய்யும் மழையைத் தேக்கி வைத்து நெல் விளைத்த அறிவின் அடையாளங்கள் அவை. ஒரு கண்மாய் நிறைந்தால் அதன் மிகுநீர் கலுங்கு வழியே வழிந்து, கீழுள்ள கண்மாய்க்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கும் கீழுள்ளதற்குச் செல்லும். சங்கிலிக் கண்ணிபோல அவை ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும். ஓர் ஊரார் தம் வாய்க்காலை அடைத்துவிட்டால் மற்றோர் ஊரார் வயல் காயும்.

எங்கள் ஊரில் அக்கண்மாயின் செய்தி முழுதும் அறிந்தவர் ஒருவர் இருந்தார். நீர்ப்பாய்ச்சியாக இருந்த முதியவர் அவர். அகவை எண்பதைக் கடந்தவர். மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயல்களுக்கு முறைவைத்து நீர் விடுவதும், மழை இரவில் கரையைக் காப்பதும் நீர்ப்பாய்ச்சியின் தொழில். அறுவடைக் காலத்தில் ஒவ்வோர் உழவரும் களத்தில் அவர்க்கு நெல் அளப்பர். அவர் மகன் திருப்பூரில் ஆடைத் தொழிலுக்குச் சென்றுவிட்டான். அவருக்குப் பின் அத்தொழிலைக் கற்றவர் எவரும் இல்லை.

கரை ஓரத்து வேப்ப மரத்தடியில் அமர்ந்திருந்த அவரை என் பேத்தி வணங்கினாள்.

"என்ன தாயி, கம்மாயைப் பற்றி எழுதப் போகிறாயா? எழுதி என்ன ஆகப்போகிறது? கம்மாயே கருவேல முள்ளாகக் கிடக்கிறது" என்றார் அவர்.

என் பேத்தி மறைக்கத் தெரியாதவள். "எனக்கும் விருப்பம் இல்லை, ஐயா. பள்ளியில் எழுதச் சொன்னார்கள், அதனால் வந்தேன்" என்றாள்.

முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கூறியது இது: "என்னையும் யாரும் விருப்பம் கேட்டு இந்த வேலைக்கு விடவில்லை, தாயி. என் அப்பன் காய்ச்சலாய்ப் படுத்திருந்த ராத்திரி மழை கொட்டியது. எனக்கு அப்போது உன் வயதுகூட இல்லை. மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கரைக்கு அனுப்பினார்கள். அழுதுகொண்டேதான் போனேன். ராத்திரி முழுக்க மண்ணை வெட்டிப் போட்டோம். விடியும்போது பார்த்தால் கரை நின்றது. அன்றைக்குத்தான் இது என் கம்மாய் ஆயிற்று."

அவர் எழுந்து நடந்தார்; என் பேத்தி பின்தொடர்ந்தாள். ஆவணி மாதம் ஆதலின் கண்மாயில் நீர் இல்லை. மூன்று மடைகளையும் அவர் காட்டினார்: பெரிய மடை, நடு மடை, சின்ன மடை. கரையின் உட்புறத்தில் அலை மோதி மண் கரையாதவாறு அடுக்கிய கற்களைக் காட்டி, "இது அலைகல்" என்றார். பின்னர்க் கண்மாயின் உட்பகுதியில் இறங்கி, நெடிய இரு கல் தூண்கள் நின்ற இடத்திற்கு அழைத்துச் சென்றார். நாங்கள் பல காலம் கண்டும் கருதாது சென்ற தூண்கள் அவை. அதுவே பழைய குமிழித்தூம்பு. கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக நீரை வெளியேற்ற முன்னோர் அமைத்த பொறி. கண்மாய் நிறைந்திருக்கும்போது நீந்திச் சென்று அதன் அடைப்பை உயர்த்த வேண்டும். அதில் மேலே ஒரு துளை. கீழே சில துளைகள். மேல் துளை வழியே தெளிந்த நீர் செல்லும். கீழ்த் துளைகள் வழியே அடியில் படிந்த வண்டல் கலங்கிச் செல்லும். அதனால் கண்மாயும் தூர்ந்து போகாது. வயலுக்கும் உரம் சேரும்.

"மேலே இருப்பது நீரோடி, கீழே இருப்பது சேறோடி" என்றார் அவர்.

நீர் ஓடும் வழி நீரோடி. சேறு ஓடும் வழி சேறோடி. இலக்கணம் முற்றக் கற்றவரும் இவற்றினும் செம்மையாகப் பெயர் இட இயலாது. பள்ளி செல்லாத அம்முதியவர் நாவிலிருந்து அச்சொற்கள் பிறந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. என் பேத்தியோ அவற்றை எழுதிக்கொண்டு, "சேறோடிக்கு எத்தனை துளை, ஐயா?" என்று கேட்டுக் குனிந்து எண்ணத் தொடங்கினாள். விருப்பம் இல்லை என்று கூறிய பெண் ஒன்றை எண்ணிப் பார்க்கக் குனிந்த நேரம் அது. அப்பணி அவளுடையது ஆனது அப்பொழுதுதான் என்று நான் கருதுகிறேன்.

அதன்பின் ஐந்தாறு சனிக்கிழமைகள் அவள் தானே சென்றாள். கரையின் நீளத்தைக் காலடியால் அளந்தாள். இருமுறை அளந்தபோது இருவேறு எண் வந்தது. மூன்றாம் முறை கயிறு கொண்டுபோய் அளந்தாள். நீர் குறைந்த காலத்தில் எந்த மடைக்கு முதலில் நீர், எவ்வளவு பொழுது, எந்த வயல் வரை என்னும் முறையை அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். கடிகாரம் இல்லாத காலத்தில் பகலில் நிழலை அடியால் அளந்தும், இரவில் ஆறாமீனின் இருப்பைப் பார்த்தும் முறையை மாற்றினர் என்பதையும் குறித்துக்கொண்டாள். ஆறாமீன் எது என்று வானத்தில் காட்டச் சொல்லி என்னை ஒரு பின்னிரவில் எழுப்பியதும் உண்டு.

பள்ளி நூலகத்தில் குடிமராமத்துப் பற்றிப் படித்தாள். ஊரார் கூடித் தம் உழைப்பால் நீர்நிலையைச் செப்பனிடும் பழைய வழக்கம் அது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கரை உடையும் இடர் நேர்ந்தால் ஊரார் உழைத்தே தீர வேண்டும் என்று அது விதித்தது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்னும் அப்பெயராலேயே நீர்நிலைகளைச் செப்பனிடும் திட்டத்தைத் தொடங்கியது. இச்செய்திகளை எழுதிய பக்கத்தின் அடியில் அவள் ஒரு தொடர் எழுதியிருந்தாள்: 'சட்டம் ஒருவரைக் கரைக்கு அனுப்பலாம், விடியும் வரை நிற்க வைப்பது அவர் மனந்தான்.' இது யார் எழுதிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அம்முதியவரோடு நடந்த கால்களே எழுதிக் கொடுத்தன.

புரட்டாசியில் பணியை ஒப்படைத்தாள். வகுப்பின்முன் நின்று விளக்கியபோது குரல் நடுங்கியது என்று அவளே கூறினாள். மாணவன் ஒருவன் எழுந்து, "கண்மாயில் வண்டல் எவ்வளவு ஆழம் படிந்திருக்கிறது?" என்று கேட்டானாம். அதை அவள் அளக்கவில்லை. அளக்கவில்லை என்றே விடை கூறினாள். முதல் மதிப்பெண் வேறொருவர்க்குச் சென்றது. அதற்காக அவள் சிறிது வருந்தியதும் உண்மையே.

அவ்வாண்டு ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் முக்காற்பங்கு நிறைந்தது. தை பிறந்ததும் நீர் குறைந்தது; கதிர் முற்றாத வயல்கள் இன்னும் நீரை எதிர்நோக்கி நின்றன. எந்த மடைக்கு முதல் முறை என்பதில் உழவர்க்குள் பூசல் எழுந்தது. முன்பெல்லாம் முதியவர் சொன்னால் அதற்கு மறுசொல் இருந்ததில்லை. அப்பொழுது அவர் நோயுற்று, வெளியூரில் மகள் வீட்டில் இருந்தார். ஊர் மந்தையில் கூடியவர்களுள் ஒருவர், "வாத்தியார் ஐயா பேத்தி அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறதே" என்று நினைவூட்டினார்.

அவளை அழைத்தனர். குறிப்பேட்டோடு சென்றாள். மரத்தடியில் அமர்ந்திருந்த உழவர் நடுவே நின்று, முதியவர் கூறிய முறையை ஒவ்வொன்றாகப் படித்தாள். பெரியவர் இருவர் ஓரிடத்தில் தடுத்து, நடு மடைக்கு இரவுமுறை ஒன்று உண்டு, அது விடுபட்டது என்றனர். அவள் அங்கேயே அதனைச் சேர்த்து எழுதிக்கொண்டு, திருத்தியதை மீண்டும் படித்துக் காட்டினாள். அவையினர் ஒப்புக்கொண்டனர். அவ்வாண்டு கடைமடை வயலிலும் கதிர் முற்றியது. பழைய நூல்களில் நான் படித்த அரங்கேற்றம் எத்தகையது என்பதை அன்று மந்தையில் நேரில் கண்டேன். குற்றம் கூறுவோரும் இருந்தனர், திருத்தமும் நடந்தது, அவை ஒப்புக்கொண்டதும் நூல் ஊருக்கு உரியதாயிற்று.

சில நாள் கழித்து, "இப்போது அந்தப் பணி உனக்குப் பிடிக்கிறதா?" என்று கேட்டேன். "உட்கார்ந்து இருபது பக்கம் எழுதியது இப்போதும் பிடிக்கவில்லை, தாத்தா. ஆனால் வண்டலை அளந்திருக்கலாம்" என்றாள். அவள் உண்மையையே கூறினாள். எல்லாப் பகுதியும் இனித்தால்தான் ஒரு பணி நம்முடையது ஆகும் என்பதில்லை.

பிறர் ஏவிய பணி பெரும்பணியாக மலர்ந்ததற்குத் தமிழுலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அவ்வாண்டிலேயே, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றால் நிறைவு கொள்ளாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அந்நூலைக் கண்டதில்லை. அந்த ஒரு வினாவிலிருந்து அவர்தம் வாழ்நாட் பணி தொடங்கியது. நூலில் வரும் சமணசமயச் செய்திகள் விளங்காதபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பில் தொடர்ந்தன. வினா பிறருடையது, விடை தேடி நடந்த கால்கள் அவருடையவை. அறிந்தவர் வாயிலுக்குச் சென்று கேட்க அவர் நாணவில்லை.

மாணவர்களே! உங்களுக்கும் இன்றோ நாளையோ ஒரு சீட்டு வரும். அதில் நீங்கள் விரும்பாத தலைப்பு இருத்தல் கூடும். அன்று உங்களுக்குச் சலிப்புத் தோன்றினால் அதற்காக உங்களை நீங்களே வெறுக்க வேண்டா. ஆனால் அச்சலிப்போடு பேரம் பேசிப் பிறர் எழுதியதை விலைக்கு வாங்காதீர்கள்; பொறி எழுதியதைத் தம் பெயரால் ஒப்படைக்காதீர்கள். அவ்வாறு செய்தால் மதிப்பெண் கிடைத்தல் கூடும். நன்னூல் கூறிய அரைப்பங்குக் கல்வி கிடைக்காது. முதலில், எந்த ஏட்டிலும் விடை இல்லாத சிறு வினா ஒன்றை உங்கள் ஊரைப் பற்றி எழுப்புங்கள். அதன் விடையை அறிந்தவர் உங்கள் தெருவிலோ வயலிலோ பட்டறையிலோ இருப்பார். அவர்க்கு அகவை மிகுந்திருக்கும். கேட்பார் இன்றி அவர் வாளா இருப்பார். அவரிடம் சென்று, பணிந்து கேட்டு, அளந்து, எண்ணி, கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். அறியாததை அறியேன் என்று எழுதுங்கள். பிறர் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். காலம் தாழ்த்தாமல் செல்லுங்கள். உங்கள் பள்ளி குறித்த கெடுவை ஆசிரியர் இரண்டு நாள் நீட்டித் தரலாம். அம்முதியவர்க்கு உள்ள கெடுவை நீட்டித் தருவார் எவரும் இல்லை.